பூசை எப்பம் நின்னுச்சு?

எகிப்துன்னா எல்லாருக்கும் பிரமிடுதான். எங்க அம்மாவுக்கு அது கல்லறை. "செத்தவன் குழியைப் பாக்கவா இம்புட்டுத் துட்டு செலவழிச்சுப் போணும்? பாத்துட்டு வந்து எங்க தலை முழுக?" இதை எப்பக் கேட்டாங்கன்னா, விமான டிக்கெட் எல்லாம் போட்டு முடிச்ச பிறகு.

2025 ஜனவரியில நாங்க நாலு பேர் போயிட்டு வந்தோம். நான், தங்கமணி, காலேஜ் படிக்கிற பொண்ணு, எழுபத்திமூணு வயசு அம்மா. (எல்.எஃப்.சி.யான்னு கேக்கப் போற வங்கி நண்பர்களுக்கு: அதுல வெளிநாடு கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். முழுக்க சொந்தக் காசு.)

உண்மையைச் சொல்லிடறேன். இந்தப் பயணத்துக்குப் பின்னாடி என்னோட சதி ஒண்ணு இருந்துச்சு. அப்பா போனதுல இருந்து அம்மா திருநெல்வேலிப் பக்கம் எங்க கிராமத்துல தனியா இருக்காங்க. நான் நாக்பூர்ல. ஊர் வீட்டைக் கொடுத்துட்டு எங்களோட வந்துருங்கன்னு ஆறு வருஷமா கெஞ்சிக்கிட்டு இருக்கேன். அவங்க சொல்ற ஒரே காரணம் இசக்கியம்மன். எங்க குலதெய்வம். மூணு பங்காளிக் குடும்பங்களுக்குப் பாத்தியப்பட்ட சின்னக் கோயில். பூசாரிக்கு வயசு அறுபத்தெட்டு, முட்டி தேஞ்சு போச்சு. அவர் பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், இந்த வேலைக்குத் திரும்ப வரமாட்டான். செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள் விளக்கு போடறதே பெரும்பாடு. மூணு வருஷமா கொடையும் நடக்கலை.

இதுல பெரிய கூத்து என்னன்னா, கோயில் பேர்ல ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கு. மூணு பங்காளிகளோட கூட்டுக் கையெழுத்து, அதுல நானும் ஒருத்தன். ரெண்டு வருஷமா யாரும் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. 'இன்ஆபரேடிவ்' ஆயிருச்சுன்னு கடுதாசி வருது. யாருக்கு? இன்ஆபரேடிவ் கணக்கைக் குறைங்க, குறைங்கன்னு கிளைக்குக் கிளை போன் போட்டு விரட்டற ஆபீசருக்கு!

வெளிநாடு, கப்பல், பேத்தியோட பத்து நாள்னு இருந்தா அம்மா மனசு இளகும், திரும்பி வந்ததும் வீட்டு விஷயத்தைப் பேசி முடிச்சுடலாம். இதுதான் திட்டம்.

பிரமிடைப் பத்தி நான் புதுசா எழுத ஒண்ணும் இல்லை. கூஃபுவோட பெரிய பிரமிடு கட்டினப்ப 146 மீட்டர் உயரம், இப்ப 138 சொச்சம். சுமார் 23 லட்சம் கல்லு. ஒட்டகக்காரங்க தொல்லை அதுக்கும் மேல. அம்மா தூரத்துல இருந்து ஒரு தடவை பார்த்துட்டு பஸ்ஸுக்குள்ளேயே உக்காந்துட்டாங்க. ராஜாக்களோட மம்மி இருக்கிற மியூசியத்துக்கும் (2021 ஏப்ரல்ல 22 ராஜா ராணி மம்மிகளை ஊர்வலமாக் கொண்டு வந்து வெச்சாங்களே, அது) உள்ள வரலை. ரெண்டாம் ராம்சேஸ் மூக்குத்துவாரத்துல நல்லமிளகு இருந்துச்சாம்மான்னு வெளிய வந்து சொன்னேன். "செத்தவனுக்கு மிளகு எதுக்கு?"ன்னுட்டாங்க.

சரி, இனிமே கோயில் மட்டும்தான்னு முடிவு பண்ணி லக்ஸர் போனோம். அங்கிருந்து நைல்ல தெற்கே, அதாவது ஆத்தோட்டத்துக்கு எதிரா, அஸ்வான் வரைக்கும் கப்பல்.

கர்னாக் கோயில் வாசல்ல அம்மா செருப்பைக் கழட்டி மஞ்சப்பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க.

"எம்மா, இங்க யாரும் கழட்டலை. கல்லு குத்தும்."

"கோயில்னுதானலே சொன்னே?"

பதில் இல்லை என்கிட்ட. வெறுங்காலோடதான் சுத்தினாங்க. ரெண்டாயிரம் வருஷம் போல ஒவ்வொரு ராஜாவா வந்து கூட்டிக்கூட்டிக் கட்டின இடம் அது. முன்வாசல் கோபுரம் கடைசி வரைக்கும் முடியவே இல்லை. கல்லு ஏத்தறதுக்குப் போட்ட மண்செங்கல் சாய்மேடு உள்பக்கம் இன்னும் அப்படியே கிடக்கு. கட்டிட வேலைக்குக் கடன் கொடுத்துட்டு சைட்டைப் பார்க்கப் போற எங்களுக்கெல்லாம் ரொம்பப் பழக்கமான காட்சி :-)

தூண் மண்டபம்தான் ஆளை அசத்திருச்சு. 134 தூண். நடுவுல இருக்கிற 12 தூணும் ஏழு மாடி உயரம். நம்ம ஊர்க் கோயில் எல்லாம் பார்த்து வளர்ந்தவங்களுக்கு ஆயிரங்கால் மண்டபம் பெரிசில்லை, ஆனா இந்தத் தூண் ஒவ்வொண்ணையும் ஆறேழு பேர் கைகோத்தாத்தான் கட்டிப்பிடிக்கலாம். அம்மா அண்ணாந்து பார்த்துக்கிட்டே உள்ள போய், கர்ப்பக்கிரகம் இருக்கிற இடத்துல நின்னு, பையில இருந்து சூடத்தை எடுத்தாங்க. நான் பாய்ஞ்சு போய்ப் பிடுங்கினேன். சுத்தி டூரிஸ்ட் போலீஸ். அரை மணி நேரம் பேச்சு வார்த்தை இல்லை. அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்துச்சு.

"பூசை எப்பம் நின்னுச்சு?"

எங்க கைடு லக்ஸர்க்காரர், முப்பத்தஞ்சு வயசு இருக்கும். மணிக்கட்டு உள்பக்கம் சின்னதா ஒரு சிலுவை பச்சை குத்தியிருந்தார். காப்டிக் கிறிஸ்தவங்க வழக்கம் அது. பொண்ணு இங்கிலீஷ்ல மாத்திக் கேட்டா. அவர் கொஞ்சம் யோசிச்சு, "இந்தக் கோயிலுக்கு ஒரு தேதி சொல்ல முடியாது. வருமானம் குறைஞ்சு, ஆள் குறைஞ்சு, தானா நின்னது. தேதியோட சொல்லக்கூடிய இடம் ஒண்ணு அஸ்வான்ல இருக்கு, அங்க வெச்சு அம்மாவுக்குச் சொல்றேன்"னார். நாலு நாள் அம்மா அதை மறக்கவே இல்லை.

அன்னிக்கு ராத்திரி லக்ஸர் கோயில். விளக்கு வெளிச்சத்துல பாருங்க, பகல்ல வேண்டாம். கர்னாக்ல இருந்து இங்க வரைக்கும் 2.7 கிலோமீட்டருக்கு ரெண்டு பக்கமும் ஸ்பிங்க்ஸ் சிலை வெச்ச பாதை. 2021 நவம்பர்ல முழுசாத் திறந்தாங்க. அந்தக் காலத்துல வருஷத்துக்கு ஒரு தடவை ஓபெத் திருவிழாவுக்கு அமூன் சாமி கர்னாக்ல இருந்து இங்க வரும். எப்படி வரும்? படகு மாதிரி செஞ்ச பல்லக்குல, திரை போட்டு, பூசாரிங்க தோள்ல சுமந்து. சுவர்ல செதுக்கி வெச்சிருக்கான். பெருமாள் பல்லக்குல போற மாதிரியே இருக்குன்னு தங்கமணி சொன்னா.

அந்தக் கோயிலோட முன் பிராகாரத்து மூலையில, நம்ம தலைக்கு மேல ரொம்ப உயரத்துல, அந்தரத்துல ஒரு கதவு. அதுதான் அபு ஹக்காக் மசூதி. கோயில் மண்மூடிக் கிடந்தப்ப மண்ணுக்கு மேல கட்டினது. 1880கள்ல மண்ணை வெட்டி எடுக்க ஆரம்பிச்சதும் பழைய வாசல் அந்தரத்துல நின்னு போச்சு. மசூதிக்கு முன்னாடி அதே இடத்துல சர்ச். அதுக்கும் முன்னாடி ரோமாபுரிப் படை உள்ள ஒரு அறையில பழைய சிற்பத்து மேல சுண்ணாம்பு பூசி, அவங்க ராஜாக்கள் படத்தை வரைஞ்சு வெச்சிருக்கு. சூஃபி பெரியவர் அபு ஹக்காக்குக்கு வருஷா வருஷம் எடுக்கிற விழாவுல இன்னிக்கும் படகை ஊர்வலமாக் கொண்டு போறாங்களாம். நாங்க நிக்கும்போதே பாங்கு சொல்ல ஆரம்பிச்சுது, தூணெல்லாம் எதிரொலிச்சுது. மூவாயிரம் வருஷத்துக்கு மேல யாராவது ஒருத்தர் கும்பிட்டுக்கிட்டே இருந்த இடம்னு கைடு சொன்னார்.

"அப்ப இங்க நிக்கலை"ன்னாங்க அம்மா, கணக்கை நேர் பண்ற மாதிரி.

எட்ஃபூ கோயிலுக்குக் கப்பல்ல இருந்து குதிரை வண்டியில போகணும். குதிரையைப் பார்த்தா பாவமா இருந்துச்சு, அதை விடுங்க. ஹோரஸ் சாமி கோயில். கிமு 237ல ஆரம்பிச்சு கிமு 57ல முடிச்சிருக்காங்க. 180 வருஷ புராஜெக்ட். மண்மூடி, மேல ஊரே வீடு கட்டிக் குடியிருந்து, 1860கள்ல தோண்டி எடுத்ததாலதான் இவ்வளவு முழுசாத் தப்பிச்சிருக்கு. ஒவ்வொரு வாசலாத் தாண்டத் தாண்ட மேல்தளம் தணிஞ்சு, இருட்டு கூடி, கடைசியில ஒரே கல்லுல குடைஞ்ச கருவறை மாடம். சிதம்பரமோ சங்கரன்கோவிலோ போனவனுக்கு இந்த இருட்டை விளக்க வேண்டியதில்லை.

இங்கதான் கைடு தினப்படி பூசையை வெவரமா சொன்னார். விடிகாலையில பூசாரி குளிச்சுட்டு வந்து கருவறைக் கதவோட முத்திரையை உடைப்பார். சாமியைப் பாட்டு பாடி எழுப்பி, சாம்பிராணி போட்டு, எண்ணெய் தடவி, புதுத் துணி சாத்தி, படையல் வைக்கணும். முடிஞ்சதும் தன் கால்தடத்தையே பெருக்கிக்கிட்டு பின்னாடியே நடந்து வெளிய வந்து கதவை மூடி முத்திரை வைக்கணும். சாமிக்குப் படைச்ச சோறு அப்புறம் பூசாரிகளுக்கும் கோயில் ஆட்களுக்கும் பங்கு. பொண்ணு ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லச் சொல்ல அம்மா "ஆமா, ஆமா"ன்னு தலையாட்டறாங்க, ஏதோ பக்கத்து ஊர்க் கோயில் சமாச்சாரம் மாதிரி.

எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. சாதாரண பூசாரிங்க முழு நேர ஆளுங்க இல்லை. நாலு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு ஒரு மாசம் முறை. மாசம் முடிஞ்சா அவனவன் சொந்த வேலைக்குப் போயிடலாம். கிமு 238ல அஞ்சாவதா ஒரு குழுவைச் சேர்த்தாங்க. எங்க பங்காளிங்க முறை வெச்சு நடத்தின ஏற்பாடு மாதிரியேதான். ஆள் இருந்த வரைக்கும் எங்களுதும் நல்லாத்தான் ஓடிச்சு.

(இப்படி ஒத்துமை சொன்னதும் "அப்பவே தமிழன் அங்க போய்..."னு யாராவது கிளம்பிடாதீங்க. வணிகத் தொடர்பு உண்டு, செங்கடல் கரையில குசெய்ர் அல் காதிம்ல தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைச்சிருக்கு, பெரெனிகேயில செராபிஸ் கோயில் முற்றத்துல இந்தியப் பானை நிறைய ஏழரைக் கிலோ மிளகே கிடைச்சிருக்கு. அதுக்காக பூசைமுறை இங்கிருந்து போச்சுன்னு ஆகாது. சாமியை ஒரு ஆளா நினைச்சா எழுப்பணும், குளிப்பாட்டணும், சாப்பாடு போடணும். யாருக்கும் தோணக்கூடியதுதான்.)

கொம் ஓம்போ முதலைச் சாமி கோயில். மம்மியாக்கின முதலைகளை வரிசையா அடுக்கி வெச்சிருக்காங்க. அம்மா பயணத்துலயே அதிகமா சிரிச்சது அங்கதான்.

கடைசியா அஸ்வான், ஃபிலே. தீவுக் கோயில். கரையில படகுக்காரன்கிட்ட போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து முதல்லயே பேசிடுங்க, இல்லேன்னா திரும்பும்போது வேற கணக்கு சொல்லுவான். சில்லறை நோட்டு நிறைய வெச்சுக்கங்க. மூலைக்கு மூலை காவலாளி "இங்க நின்னு போட்டோ எடு"ன்னு காட்டிட்டுக் கையை நீட்டுவார்.

படகுல இருந்து பார்க்கும்போது கோயில் தண்ணிக்கு நடுவுல அப்படியே மிதக்கற மாதிரி இருக்கு. ஆனா இது அசல் தீவு இல்லை. 1902ல அஸ்வான்ல முதல் அணை கட்டினதுல இருந்து கோயில் வருஷத்துல பாதி நாள் தண்ணிக்குள்ள நின்னுச்சு. அப்புறம் பெரிய அணை வந்தப்ப, யுனெஸ்கோ முயற்சியில, கோயிலைச் சுத்தித் தடுப்பு கட்டி, தண்ணியை இறைச்சு, கல்லு கல்லாப் பிரிச்சு எண் போட்டு, பக்கத்துல உசரமா இருந்த அகில்கியா தீவுல திரும்பக் கட்டினாங்க. 1972ல ஆரம்பிச்சு 1980ல திறந்தாங்க. அந்தத் தீவையே செதுக்கி பழைய தீவு மாதிரி வடிவம் கொடுத்தாங்களாம். (அபு சிம்பெலையும் இதே மாதிரி 1964-68ல 65 மீட்டர் மேல தூக்கி வெச்சாங்க. அதுக்கு விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பணும், அம்மாவால முடியாதுன்னு நாங்க போகலை.)

"இது எந்த சாமி?"

"ஐசிஸ்மா."

"இசக்கியா?"

பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. ஐசிஸ்னு நாம சொல்றதே கிரேக்கர் வாய் வழியா வந்த பேரு, எகிப்துக்காரங்க ஆசெத்னோ என்னவோ சொன்னது, இசக்கி 'இயக்கி'யில இருந்து வந்ததுன்னு நான் விளக்கிக்கிட்டு இருக்கேன். அம்மா கேக்கவே இல்லை. பக்கத்துல பிரசவ மண்டபம்னு ஒரு சின்னக் கோயில். நாணல் காட்டுக்குள்ள ஐசிஸ் உக்காந்து குழந்தைக்குப் பால் கொடுக்கிற சிற்பம். எங்க இசக்கிக்கும் கையில பிள்ளை. அதைக் காட்டி, "நீயே பாரு"ன்னுட்டாங்க. வங்கியில இத்தனை வருஷமா கஸ்டமரைச் சமாளிச்ச அனுபவத்துல சொல்றேன், இந்த மாதிரி ஆதாரத்தோட வர்றவங்ககிட்ட வாதாடக் கூடாது.

மேற்குப் பக்கம் ஹேட்ரியன் வாசல்னு ஒண்ணு. கைடு எங்களை அங்க கூட்டிட்டுப் போய் நிறுத்தி, "அம்மா கேட்டதுக்கு பதில் இங்க"ன்னார். சுவர்ல மண்டூலிஸ்னு ஒரு நூபியச் சாமி. பக்கத்துல கோணல்மாணலா கொஞ்சம் சித்திர எழுத்து. எஸ்மெத்அகோம்னு ஒரு ஐசிஸ் பூசாரி வெட்டினது. தேதி கிபி 394 ஆகஸ்ட் 24. உலகத்துல தேதியோட கிடைச்ச கடைசி எகிப்திய சித்திர எழுத்து அதுதான். அதுக்குள்ள ரோமப் பேரரசு கிறிஸ்தவம் ஆயாச்சு, பழைய வழிபாட்டுக்குத் தடையும் போட்டாச்சு. மூவாயிரம் வருஷத்துக்கு மேல எழுதின எழுத்து அந்தச் சுவரோட நிக்குது. அடுத்து ஒருத்தர் அதைப் படிச்சது 1822ல, ஷாம்போலியோன். கழிச்சுப் பார்த்தேன். 1428 வருஷம்.

பூசை அப்பவும் நிக்கலை. தெற்கே இருந்த பிளெம்மியர், நூபியர் கூட்டத்தோட ரோமாபுரி 452 வாக்குல ஒப்பந்தம் போட்டப்ப, அவங்க ஃபிலேக்கு வந்து கும்பிடவும், ஐசிஸ் சிலையைப் படகுல தங்க ஊருக்கு எடுத்துட்டுப் போய்த் திரும்பக் கொண்டாந்து வைக்கவும் அனுமதி கேட்டு வாங்கியிருக்காங்க. கையில ஆயுதம் வெச்சிருந்தவன் சமாதானத்துக்குக் கேட்ட விலையில இதுவும் ஒண்ணு! அதே 452லதான் இங்க கடைசி டெமோட்டிக் எழுத்து. இந்தக் கடைசிக் காலத்து எழுத்துகள்ல ஒரே குடும்பத்துப் பேருங்கதான் திரும்பத் திரும்ப வருதாம். எஸ்மெத், எஸ்மெத்னு. மத்தவங்க எல்லாம் போயாச்சு, ஒரு வீட்டு ஆளுங்க மட்டும் அப்பனுக்குப் பின்னாடி மகனா விளக்கேத்திக்கிட்டு இருந்திருக்காங்க.

பேரேட்டுல ஒரு பக்கத்தோட கடைசிப் பதிவைப் பார்க்கிறப்ப, அதைப் போட்ட கிளார்க்குக்கு அது கடைசின்னு தெரிஞ்சிருக்காது. இந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். எழுத்தைப் பார்த்தா பழகாத கை எழுதின மாதிரி இருந்துச்சு.

"அப்புறம்?"னு அம்மா.

ஆறாம் நூற்றாண்டுல ஜஸ்டினியன் சக்கரவர்த்தி ஆளனுப்பி மூடினார். பூசாரிங்களைச் சிறையில வெச்சு, சிலைகளைக் கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பினதா அந்தக் காலத்து ஆசிரியர் புரொகோபியஸ் எழுதியிருக்கார். பிஷப் தியோடர் தூண் மண்டபத்தைப் புனித ஸ்தேவான் சர்ச்சா மாத்தினார். தூண்ல சிலுவைங்க இன்னும் தெளிவாத் தெரியுது. பல சிற்பங்களுக்கு முகமே இல்லை, கொத்தி எடுத்திருக்காங்க.

கைடு கொஞ்சம் தயங்கி, "மூடினது எங்க ஆளுங்கதான்"னார். "ஆனா மூடப்பட்டதும் எங்க ஆளுங்கதான். எங்க சர்ச்ல இன்னும் சில ஜெபம் காப்டிக்ல சொல்லுவோம். அது இந்தப் பூசாரி பேசின பாஷையோட கடைசி மிச்சம். எனக்கு அதுல பாதி புரியாது, மனப்பாடம்தான்."

அம்மா அவர் மணிக்கட்டைப் பார்த்துட்டு, "நீ சொல்லுத ஜெபத்தை விட்டுராத, தம்பி"ன்னாங்க. பொண்ணு மாத்திச் சொன்னா. அவர் நெஞ்சுல கையை வெச்சார்.

கருவறையில இப்ப ஒரு கல் பீடம் மட்டும் இருக்கு. ஐசிஸோட படகை வைக்கிற பீடம். சாமி இல்லை, படகு இல்லை, பீடம் இருக்கு. அம்மா சுத்தி வந்து அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. சூடத்தை எடுக்கவே இல்லை. நான் எடுப்பாங்களோன்னு பையையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

திரும்பற படகுல ரொம்ப நேரம் பேச்சில்லை. கரை வரப்போற நேரத்துல சொன்னாங்க: "எய்யா, நான் ஊருலயே இருக்கேன். எங்கால் நடக்குத வரைக்கும் செவ்வாவெள்ளி நானே போய் விளக்கு போடுதேன். வீட்டை விக்கப் பேசாத."

எனக்குக் கோபம்தான் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். பிரஷர் மாத்திரை போடற ஆளு, தனியா, ராத்திரி ஏதாவதுன்னா யாரு வருவா? ஒரு விளக்குக்காகவா? தங்கமணி என் கையை அழுத்தினதால பேசாம இருந்தேன். அன்னிக்கு ராத்திரி ஓட்டல்ல எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. "உங்களுக்கு அந்தக் கோயில் வேணுமா வேண்டாமா, அதை முதல்ல முடிவு பண்ணுங்க"ன்னா. வேணும்தான். யாராவது பார்த்துக்கிட்டா.

அம்மா இப்ப ஊர்லதான் இருக்காங்க. வீட்டுல இருந்து கோயிலுக்கு நடை பத்து நிமிஷம். பூசாரி வந்து பக்கத்துல நாற்காலியில உக்காந்துக்கிட்டு என்ன செய்யணும்னு சொல்றாராம். எதிர்வீட்டுப் பொண்ணு ராத்திரி துணைக்குப் படுக்க வருது. நான் தினமும் ரெண்டு தடவை போன் பண்றேன்.

கணக்கைத் திரும்ப உயிர்ப்பிக்கிற வேலையையும் ஆரம்பிச்சேன். கையெழுத்துக்காரங்க மூணு பேருக்கும் கே.ஒய்.சி. வேணும். ஒரு பெரியப்பா இறந்துட்டார், அவருக்குப் பதிலா அவர் மகனைச் சேர்க்க தீர்மானம் போட்டு அனுப்பியாச்சு. என்னுது கொடுத்துட்டேன். ஷார்ஜாவுல இருக்கிற சித்தப்பா மகன் போட்டோவும் ஆதார் நகலும் அனுப்பறேன்னு சொல்லி நாலு மாசம் ஆச்சு. இன்னும் வரலை.